மாட்டு டாக்டருக்கு மனசு சரியில்லை என்றால்: இளம் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு கால்நடை மருந்தகங்களில் 19 வருடம் வேலை பார்த்தேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இப்போது ஊரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். காலையில் நாயும் பூனையும், சாயங்காலம் பக்கத்துக் கிராமங்களில் மாடும் ஆடும். பயிற்சிக்கு வரும் மாணவர்களும் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும் டீ நேரத்தில் கேட்கிற கேள்விகள் இவை. மருந்தைப் பற்றிக் கேட்பதைவிட இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், அதுவும் சுற்றி வளைத்து, “என் ஃபிரண்டு ஒருத்தனுக்கு சார்” என்று ஆரம்பித்து. நான் மனநல மருத்துவன் இல்லை. பட்டதைச் சொல்கிறேன், நம்பிப் படித்ததையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவு படித்தும் ‘மாட்டு டாக்டர்’ என்று கேலி பேசுகிறார்கள். எப்படி எடுத்துக்கொள்வது?

ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம் என்னை “டாக்டர்” என்று அறிமுகப்படுத்தினார்கள். அவர் உடனே முழங்கால் வலியை ஆரம்பித்துவிட்டார். நான் விவரத்தைச் சொன்னதும் “ஓ, மாட்டு டாக்டரா” என்று சொல்லிவிட்டு அவியலுக்குத் திரும்பினார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்று அதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

உண்மையில் நம்மைக் குத்துவது அந்த வார்த்தை இல்லை. நம்மில் பாதிப் பேர் எம்.பி.பி.எஸ். சீட்டு கிடைக்காமல் இங்கே வந்தவர்கள், நானும்தான். அந்தக் காயம் ஆறாமல் இருக்கும்வரை யார் என்ன சொன்னாலும் அங்கேதான் போய்த் தைக்கும். எனக்கு ஆறியது மூன்றாம் வருடத்தில், கல்லூரிப் பண்ணையில் முதல் கன்றை இழுத்து வெளியே எடுத்த இரவு. உங்களுக்கு வேறு எப்போதாவது ஆறலாம். கிராமத்தில் இதே ‘மாட்டு டாக்டர்’ என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டேதான் திண்ணையில் பாய் விரித்து, சொம்பு நிறைய மோர் கொடுப்பார்கள். கேலி சொல்லில் இல்லை, சொல்கிற ஆளிடம் இருக்கிறது.

இந்தத் தொழிலில் மனச்சோர்வும் தற்கொலையும் அதிகம் என்கிறார்களே, உண்மையா?

வெளிநாட்டுக் கணக்குகள் அப்படித்தான் சொல்கின்றன. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் தற்கொலை ஆண் மருத்துவர்களிடம் 2.1 மடங்கும் பெண் மருத்துவர்களிடம் 3.5 மடங்கும் இருந்தது. பிரிட்டனில் 2010-ல் வந்த ஆய்வுக் கட்டுரையும் மூன்று, நான்கு மடங்கு என்றது. அதற்கப்புறம் அங்கெல்லாம் விழிப்பு கூடியது. நாய்களின் நடத்தைப் பயிற்சியில் பெயர்பெற்ற கால்நடை மருத்துவர் சோஃபியா யின் 2014-ல் தற்கொலையால் இறந்தபோது, அமெரிக்க மருத்துவர்கள் சிலர் ஒரு முகநூல் குழுவைத் தொடங்கினார்கள். ‘நாட் ஒன் மோர் வெட்’ என்ற அமைப்பு அப்படி வளர்ந்ததுதான். இனி நம்மில் ஒருவர்கூடப் போகக் கூடாது என்பது அந்தப் பெயரின் பொருள். பிரிட்டனின் கால்நடை மருத்துவர் பதிவு அமைப்பும் அதே ஆண்டில் மனநலத்துக்கென்று தனித் திட்டம் கொண்டுவந்தது.

இந்த எண்களை அப்படியே நம் ஊருக்குத் தூக்கிவரக் கூடாது. அங்கே பெரும்பாலும் வளர்ப்புப் பிராணி மருத்துவம், பெரிய கல்விக் கடன், வாரத்துக்குப் பல கருணைக்கொலைகள். இங்கே தடுப்பூசி இலக்கு, முகாம், இடமாறுதல், ஒரு மருந்தகத்துக்கு மூன்று பேர் வேலையை ஒருவர் பார்ப்பது. ஆனால் ஒன்று இரண்டு இடத்துக்கும் பொது. நோயாளிக்குப் பேச வராது, பேசுகிறவர் நோயாளி இல்லை, நடுவில் நிற்பது நாம்.

கருணைக்கொலை செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் சாப்பிட முடியவில்லை. பழகிவிடுமா?

கை பழகும். மனசு முழுதாகப் பழகாது, பழகவும் வேண்டாம் என்பேன்.

போன வருடம் ஒரு பெரியவர் ஆட்டோவில் வந்தார். பதினான்கு வயது லாப்ரடார், மண்ணீரல் கட்டி, வயிறு முழுக்க ரத்தம். எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. ரெண்டு நாள் யோசித்துவிட்டு அவரே முடிவெடுத்து வந்திருந்தார். மேசையில் படுக்கவைத்ததும் சட்டைப் பையிலிருந்து மேரி பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தார். நாய் தலையைத் தூக்கவில்லை, நாக்கை மட்டும் நீட்டி பிஸ்கட்டைத் தொட்டது. “ஒண்ணே ஒண்ணு தின்னுடா” என்று அவர் பத்து நிமிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். வெளியே ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றேன். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட கடினமான வித்தை அதுதான்.

சில ஏற்பாடுகள் உதவும். பணம், கையெழுத்து எல்லாவற்றையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் அழுகிற மனிதரிடம் பில் நீட்டுவது இரண்டு பேருக்கும் கொடுமை. முதலில் மயக்க ஊசி, நாய் நன்றாகத் தூங்கியபின் மற்றது. கண் மூடாது, கடைசியில் ஒரு மூச்சு இழுக்கலாம், சிறுநீர் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் “வலியில துடிச்சுச்சே டாக்டர்” என்று வருடக்கணக்கில் வருந்துவார்கள். அது முடிந்த கையோடு அடுத்த கேஸைக் கூப்பிடாதீர்கள். கை கழுவிவிட்டுத் தெருமுனை டீக்கடைவரை போய்வாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம், நாயின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாரே உங்கள் உதவியாளர், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டருக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். அவரை யாரும் கேட்பதில்லை.

மாட்டு விஷயத்தில் கஷ்டம் தலைகீழ். கன்று போட்ட மாடு இடுப்பு விழுந்து இருபது நாளாக எழவில்லை. வைக்கோல் மெத்தை போட்டு, சில மணிக்கு ஒருதரம் புரட்டிவிட்டு, சாக்கு கட்டித் தூக்கி நிறுத்தியெல்லாம் பார்த்தாகிவிட்டது. படுக்கைப் புண்ணில் புழு. “லட்சுமிங்க, எப்படிங்க சாகடிக்கிறது” என்பார்கள். வைத்தியத்துக்கும் கையில் காசு மிச்சமில்லை. அது தானாகப் போகும்வரை நாம் வலி ஊசி போட்டுக்கொண்டே போய்வர வேண்டும். செய்து முடித்த கருணைக்கொலைகளைவிட, செய்ய முடியாமல்போன அந்த மாடுகள்தான் எனக்குக் கனவில் வருகின்றன.

வேலைக் களைப்புக்கும், பரிவே வற்றிப்போவதற்கும் என்ன வித்தியாசம்?

வேலைக் களைப்பு முற்றி எரிந்துபோவதை (‘பர்ன்அவுட்’ என்பார்கள்) உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது, ஆனால் நோயாக இல்லை, வேலை சார்ந்த நிலையாக. சக்தி வற்றுவது, வேலைமேல் வெறுப்பும் எகத்தாளமும் வருவது, செய்கிற எதிலும் திருப்தி இல்லாமல் போவது என்று மூன்று அடையாளம் சொல்கிறார்கள். இது சம்பளம், ஆள் பற்றாக்குறை, மேலதிகாரி என்று எந்தத் தொழிலிலும் வரும்.

இன்னொன்று, அடுத்தவர் வேதனையைத் தினமும் சுமந்து சுமந்து, ஒருநாள் எதுவுமே உறைக்காமல் போவது. என் கைக்கணக்கு இது: ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்தால் முதலாவது கொஞ்சம் தணியும். இரண்டாவதில், லீவில் இருக்கும்போதும் தெருநாய் நொண்டிப் போவதைப் பார்த்து ஒன்றும் தோன்றாது, அல்லது சம்பந்தமே இல்லாமல் அழுகை வரும். எனக்கு ஒருமுறை வந்தது. கோமாரி அடித்துக் கன்று செத்துக் கிடக்கிற கொட்டகையில் நின்றுகொண்டு, சாயங்காலம் வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டம்மா என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னை நிறுத்தியது.

காசில்லாதவர்கள் வந்தால் என்ன செய்வது? எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்க முடியாது, திருப்பி அனுப்பவும் முடியவில்லை.

குட்டிநாய்க்குப் பார்வோ, குடலைத் தாக்கும் வைரஸ் நோய். ஐந்து நாள் டிரிப், தினம் ஊசி. கூட்டிவந்தது பெயின்டர் வேலை பார்க்கும் தம்பியும் அவர் மகளும். பிழைக்க வாய்ப்பு இருக்கிறது என்று நமக்குத் தெரியும், அந்தத் தொகை அவரால் முடியாது என்றும் தெரியும். சரியானது எது என்று தெரிந்தும் செய்யமுடியாத இந்த நிலைக்கு அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் பெர்னார்ட் ரோலின் 1987-லேயே ‘அற அழுத்தம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். விலங்குகளோடு வேலை செய்கிறவர்களின் அழுத்தம் மற்ற வேலை அழுத்தம் மாதிரி இல்லை, ஓய்வெடுத்தால் தீராது என்பது அவர் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

நான் செய்வது இரண்டு. ஒன்று, பரிசோதனை முடிந்ததும் மூன்று வழி சொல்வேன், மூன்றுக்கும் விலையோடு. முழு வைத்தியம், நடுத்தரம், வீட்டில் வைத்துப் பார்க்கும் குறைந்தபட்ச வழி. ஒவ்வொன்றிலும் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்வேன். கல்லூரியில் ‘சிறந்த சிகிச்சை’ என்று ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதற்குக் குறைந்தது எல்லாம் பாவம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வருகிறோம். மூன்றாவது வழியில் பிழைத்த குட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, மேசை டிராயரில் ஒரு நோட்டு. மாதம் இவ்வளவு ரூபாய்க்கு இலவசம் என்று ஒரு வரம்பு. தொகை என் வசதிப்படி, மாத ஆரம்பத்திலேயே முடிவுசெய்தது. அது தீர்ந்தால் அடுத்த மாதம்தான். “நீங்க மனசு வெச்சா முடியும் டாக்டர்” என்று சொல்லும்போது கலங்காமல் இருக்க அந்த நோட்டு உதவுகிறது. வரம்பை மீறியதே இல்லையா என்றால், மீறியிருக்கிறேன். பெயின்டர் தம்பி குட்டிக்கு மீறினேன்.

ராத்திரி இரண்டு மணிக்கும் போன் வருகிறது. எடுக்காமல் இருக்கலாமா?

எது அவசரம் என்று முதலில் உங்களுக்கும் ஊருக்கும் தெளிவாக இருக்கட்டும். பிரசவத்தில் கன்று குறுக்கே நிற்பது, கருப்பை வெளியே தள்ளுவது, வயிறு உப்பி மூச்சுத் திணறுவது, கன்று போட்ட மாடு ரத்தத்தில் கால்சியம் குறைந்து பால்சுரத்தில் விழுவது, பாம்புக்கடி: இதற்கெல்லாம் எழுந்து போகத்தான் வேண்டும். ராத்திரி மாடு கத்துகிறது, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட வேண்டும் என்று கூப்பிட்டால் காலைவரை தாராளமாகப் பொறுக்கலாம். சாயங்காலம் பருவத்துக்கு வந்தால் மறுநாள் காலை ஊசி, காலையில் வந்தால் அன்று சாயங்காலம் என்பதுதானே கணக்கு. இதைப் பால் சொசைட்டி சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டினேன். இரவு அழைப்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் குறைந்தது.

அப்புறம், பக்கத்து மருந்தக டாக்டர்கள் மூன்று பேரோடு பேசி முறைவைத்துக்கொண்டோம். வாரத்தில் ஒன்றோ இரண்டோ இரவு ஒருவர். முதலில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, “என் ஊர் ஆளுங்க உங்ககிட்ட வரமாட்டாங்க” என்றார்கள். வந்தார்கள். மாடு பிழைத்தால் சரி என்றுதான் சனங்கள் நினைக்கிறார்கள், டாக்டர் யாரென்பது நம் அகங்காரம். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையும் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று: இரவு கேஸ் முடித்துவிட்டு அரைத் தூக்கத்தில் பைக்கை எடுக்காதீர்கள். அவர்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலிலேயே விடியும்வரை படுத்துவிட்டு வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் செய்த தவறால் ஒரு மாடு செத்துவிட்டது. இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

இந்தக் கேள்விக்குப் பதிலாக என் கதையையே சொல்கிறேன். 11 வருடம் யாரிடமும் சொல்லாத கதை.

பணியில் சேர்ந்து இரண்டாவது வருடம். கணவனை இழந்த ஓர் அம்மாவின் ஒரே மாடு, கன்று போட்டு முந்தின நாள்தான் ஆகியிருந்தது. கழுத்தை வயிற்றுப் பக்கம் மடக்கிப் படுத்திருந்தது, காது சில்லிட்டிருந்தது. பால்சுரம் என்று கொட்டகைக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. 450 மில்லி கால்சியம் பாட்டிலை வெந்நீரில் சூடாக்கிக் கழுத்து நரம்பில் ஏற்ற ஆரம்பித்தேன். மெதுவாக ஏற்ற வேண்டும், ஏற்றும்போது இதயத்தைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மாணவனுக்கும் தெரியும். அன்று எனக்கு இன்னும் மூன்று கேஸ் பாக்கி. மழை வேறு வரப் பார்த்தது. பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்தேன். ஸ்டெதஸ்கோப் பையிலேயே இருந்தது. பாதிக்கு மேல் போனதும் மாடு ஒருமுறை உடம்பை முறுக்கியது, அவ்வளவுதான்.

அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. “ஏனுங்க சார், நோவு முத்திப்போச்சுங்களா?” நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் என்னைத் தின்றது. மாடு செத்ததைக்கூட ஒருநாள் சமாதானம் பண்ணிக்கொண்டிருப்பேன்.

பால்சுரம் என்று அழைப்பு வந்தாலே வயிறு கலங்கும். பக்கத்து டாக்டருக்குத் தள்ளிவிடப் பார்ப்பேன். போனால் பாட்டிலை மிக மெதுவாக விட்டுக்கொண்டு, வேர்த்து நனைந்துவிடுவேன். வீட்டில் எரிந்து விழுந்தேன். காரணம் மனைவிக்கும் தெரியாது. பல வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பின் இரவுச் சாப்பாட்டில், எனக்கு மிகவும் மூத்த டாக்டர் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: “நான் ரெண்டு மாட்டைக் கால்சியத்துல கொன்னிருக்கேன்பா.” சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் நானும் சொன்னேன்.

அதனால் என் யோசனை: தவறு நடந்த அன்றே உரிமையாளரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். திட்டுவார்கள், சில சமயம் நஷ்டஈடு கேட்பார்கள். அது ஒருநாள் வலி. ஒரு தாளில் மணிவாரியாக என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். எழுதும்போது எது உங்கள் தவறு, எது நோயின் போக்கு என்று பிரிந்து வரும், எல்லாமே உங்கள் தலையில் இருக்காது. விடிவதற்குள் சக மருத்துவர் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதே மாதிரி அடுத்த கேஸ் வரும்போது தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். நான் இன்றுவரை கால்சியம் ஏற்றும்போது ஸ்டெதஸ்கோப்பை மாட்டின் நெஞ்சிலிருந்து எடுப்பதில்லை. பாட்டிலைப் பிடிப்பது வேறு ஆள்.

உரிமையாளர்கள் திட்டுகிறார்கள், வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். என்ன செய்ய?

பதிலுக்குப் பதில் எழுதாதீர்கள். கேஸ் தாள் ஒழுங்காக இருந்தால் பாதிப் பயம் போய்விடும், அதனால் அன்றன்றே எழுதிவிடுங்கள். கை ஓங்கினால் அது வேறு விஷயம், போலீசுக்குப் போக வேண்டியதுதான். திட்டுகிறவரில் முக்கால்வாசிப் பேர் துக்கத்தில் திட்டுகிறார்கள், பதினைந்து நாளில் அவர்களே அடுத்த குட்டியோடு வருவார்கள். மீதிக் கால்வாசியை உங்களால் திருத்த முடியாது.

மனசு என்று பேசுகிறீர்கள். உடம்புக்கு?

மனசைவிட முன்னால் போவது உடம்புதான், அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளாமல் நாயைத் தொடுகிற மருத்துவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 0, 7, பின்பு 21 அல்லது 28-ஆம் நாள். போட்டவர்களுக்குக் கடிபட்டால் 0, 3 என்று இரண்டு ஊசி போதும், கடிவாயில் போடும் சீரம் தேவையில்லை. அவ்வப்போது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

நஞ்சுக்கொடி எடுக்கும்போது தோள்வரை உறை. கருச்சிதைந்த மாடு என்றால் முகக்கவசமும் கண்ணாடியும் சேர்த்து. நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடுகிறோமே, கருச்சிதைவு நோய்க்கான புரூசெல்லா தடுப்பூசி, அது உயிருள்ள கிருமி. துள்ளுகிற கன்றில் ஊசி நம் விரலில் ஏறுவது சகஜம். ஏறினால் துடைத்துவிட்டு அடுத்த கன்றுக்குப் போகாதீர்கள். கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள், என்ன ஊசி என்று பெயரோடு சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு டைபாய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். சினைப் பரிசோதனைக்கு இரண்டு கையையும் பழக்குங்கள். என் வலது தோள் 45 வயதிலேயே நின்றுபோனது, இடது கையால் கற்றுக்கொள்ள அப்புறம் ஒரு வருடம் ஆனது.

பெண் மருத்துவர்களுக்குத் தனியாகச் சொல்ல ஏதாவது உண்டா?

இதை ஒரு பெண் எழுதினால் நன்றாக இருக்கும். என்னோடு வேலை பார்த்த மருத்துவர்கள் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

“ஆம்பள டாக்டர் இல்லீங்களா?” என்ற கேள்வியை எல்லாருமே கேட்டிருக்கிறார்கள். சக்குபாய் ராமச்சந்திரன் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர்களில் ஒருவராக வெளியே வந்தது 1950-களின் தொடக்கத்தில். எழுபது வருடம் ஆகியும் கேள்வி மாறவில்லை. கன்று எடுக்கத் தேவைப்படுவது முரட்டுப் பலமில்லை. முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசி, கயிறு, எந்தக் கால் எங்கே மடங்கியிருக்கிறது என்று தடவிப் பார்க்கும் நிதானம், இவைதான். ஆட்டுக்கெல்லாம் சின்னக் கை பெரிய வரம். என் கை நுழையாத ஆட்டில் குட்டி எடுத்துக்கொடுத்தது எனக்கு இளைய டாக்டரம்மா ஒருவர்தான்.

சொல்லாமல் விடுவது கழிப்பறை. பல மருந்தகங்களில் இருக்காது, அல்லது பூட்டியிருக்கும். முகாம் என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் குடிக்காமலே ஒருநாளை ஓட்டிச் சிறுநீர்த் தொற்றில் அவதிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். இதைக் கேட்டு வாங்குவதற்குக் கூச்சப்படாதீர்கள். ஆண்கள் நாங்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.

கர்ப்பமாக இருந்தால் ஆரம்பத்திலேயே உடன் வேலை செய்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் ப்ராஸ்டாகிளாண்டின் மருந்து தோல் வழியாகவே உள்ளே போகக்கூடியது, கருவைப் பாதிக்கும். அந்தப் பாட்டிலைத் தொடவே வேண்டாம். ஆஸ்துமா உள்ள ஆண்களுக்கும் இதே எச்சரிக்கை. எக்ஸ்ரே, மயக்க வாயு, கருச்சிதைந்த மாடு: எல்லாவற்றையும் வேறு ஆள் பார்க்கட்டும்.

தொழிலில் வளர வேண்டும் என்றால் மேல்படிப்புதான் வழியா?

பிடித்தால் படியுங்கள், வேலைக்குப் பயந்து படிக்காதீர்கள். ஐந்தரை வருடம் முடித்த கையோடு “இன்னும் எனக்கு ஒண்ணும் தெரியல சார்” என்று எம்.வி.எஸ்சி. சேருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். இரண்டு வருடம் கழித்தும் அதையேதான் சொல்கிறார்கள். தெரியாதது கேஸ் பார்த்தால்தான் தெரியும்.

நான் வளர்ந்தது ஒரு நீளமான கணக்கு நோட்டினால். தினம் ஒரு கேஸ், நாலு வரி: என்ன நினைத்தேன், என்ன ஆனது, அடுத்தமுறை என்ன செய்வேன். ஒரு வருடம் கழித்துப் புரட்டினால் வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். வருடத்துக்கு ஒரு புது வித்தை என்று வைத்துக்கொண்டேன். ஒரு வருடம் பல், ஒரு வருடம் ஸ்கேன், ஒரு வருடம் கண். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்க நினைக்கிறவர்கள்தான் சீக்கிரம் களைக்கிறார்கள். மருத்துவத்துக்கு வெளியேயும் ஒன்று இருக்கட்டும். எனக்குக் கேரம். விலங்குக்கு சம்பந்தமில்லாத நாலு பேரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்தால், உலகத்தில் வேறு கவலைகளும் உண்டு என்பது ஞாபகம் வருகிறது.

கூட வேலை பார்ப்பவர் ‘இருந்து என்ன பயன்’ என்கிற மாதிரி பேசுகிறார். எனக்கே அப்படித் தோன்றுகிறது. யாரிடம் போவது?

நேராகவே கேளுங்கள்: “செத்துப்போகணும்னு தோணுதா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிட்டது ஆகும் என்பது தவறான பயம். கேட்டதும் பலருக்குப் பெருமூச்சு வரும், பேசுவார்கள். அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். அன்று அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் ஒருவருக்குத் தகவல் சொல்லி, மனநல மருத்துவரிடம் நீங்களே கூட்டிப்போங்கள். கிளினிக்கில் மருந்து அலமாரிச் சாவி ஒரே ஆளிடம் இல்லாமல் இரண்டு பேர் சேர்ந்து திறக்கிற மாதிரி வையுங்கள். நல்லநாளிலேயே இதை வழக்கமாக்கிவிட்டால் யாரையும் சந்தேகப்படுகிற மாதிரி இருக்காது.

உங்களுக்கே தோன்றினால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே போனை எடுங்கள். 14416, அரசின் டெலி மானஸ், 24 மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. பெயர் சொல்ல வேண்டாம், என்ன வேலை என்று சொல்ல வேண்டாம்.

மாத்திரை சாப்பிட்டால் வேலை போய்விடுமோ என்று கேட்கிறார்கள். நான் எட்டு மாதம் சாப்பிட்டேன். அந்த எட்டு மாதத்திலும் சினை ஊசி போட்டேன், கன்று எடுத்தேன், முகாம் நடத்தினேன்.

வீட்டில் யாருக்கும் புரியவில்லை. என்ன சொல்வது?

கேஸ் கதையை முழுதாகச் சொல்ல வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் புழுப் புண்ணை யாரும் விரும்ப மாட்டார்கள். “இன்னைக்கு ஒண்ணு போயிடுச்சு, கொஞ்ச நேரம் சும்மா இருக்கேன்” என்றால் போதும். எங்கள் வீட்டில் இதற்கு அடையாளம், நான் வாசலில் பூட்ஸைக் கழுவும் நேரம். நீண்டநேரம் கழுவினால் மனைவி ஒன்றும் கேட்காமல் காபியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

சார், நடுராத்திரியில் எங்களுக்குக் கேஸ் சிக்கலானால் உங்களைக் கூப்பிடலாமா?

கூப்பிடுங்கள். கூப்பிடுவதற்கு முன் கையை உள்ளே விட்டு, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வந்திருப்பது முன்னங்காலா பின்னங்காலா, கன்றுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஞாயிறு இரவு மட்டும் என் போன் அணைந்திருக்கும். அன்றைக்குப் பக்கத்து ஊர் டாக்டரம்மாவின் முறை.